சாளையில் அஞ்சு நாள்

மாரியாயி மேல் கோபம் என்று வாயைத் திறந்து சொன்னால் ஊரில் சும்மா விடமாட்டார்கள். தாமரைச்செல்வி சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வந்தது கோபம்தான், சந்தேகமே வேண்டாம். மூன்று வாரமாகப் பூக் கொடுக்காத சாமி, இவள் ஒரு ராத்திரி தங்கிப் போகலாம் என்று வந்த அன்றைக்குத்தானா கொடுக்க வேண்டும்?

மலைமேல் திருப்புலி நாட்டில் அவர்கள் ஊரில் நோம்பிக்கு, அதாவது மாரியாயி திருவிழாவுக்கு, நாள் குறிப்பது காலண்டர் கிடையாது. சாமியின் இரண்டு தோளிலும் பூ வைத்துவிட்டு ஊரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வலது பக்கப் பூ முதலில் விழுந்தால் சம்மதம். அன்றைக்கே காப்புக் கட்டிக் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிடுவார்கள். இல்லையென்றால் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம். காப்புக் கட்டும் நேரத்தில் யாரெல்லாம் ஊருக்குள் இருக்கிறார்களோ அவர்கள் எட்டு நாளைக்கு எல்லைக்கு வெளியே படுக்கக் கூடாது. பகலில் எங்கேயாவது போய்வரலாம். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தோடு வந்து கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். கேட்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். மாட்டிக்கொண்டவளைக் கேட்டால் தெரியும்.

செல்விக்கு இருபத்தாறு வயது. சேலத்தில் அரிசி மில்களுக்குப் பில் போடுகிற சாப்ட்வேர் எழுதும் கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை. அந்த வேலையில் இனிக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. மில்காரர்கள் கூப்பிட்டுத் திட்டுவதைக் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். எட்டு மாசமாக ஆபீஸ் முடிந்து வந்து ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து படித்துப் படித்து, ஒரு பெரிய கம்பெனியில் இன்டர்வியூ வரைக்கும் வந்திருந்தாள். எவ்வளவு பெரிய கம்பெனி என்றால், அவள் அப்பா சின்னுசாமியின் செல்போனை ஆன் பண்ணினாலே முதலில் அந்தப் பெயர்தான் வரும். புதன்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு வரை, கம்ப்யூட்டர் வழியாக, நான்கு சுற்று. ஒரு தடவை காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிப்போட்டாயிற்று. இன்னொரு தடவை தள்ள முடியாது, தவறவிட்டால் ஒரு வருஷம் கழித்துத்தான் என்று மெயிலில் எழுதியிருந்தார்கள்.

அந்த ஒரு வருஷத்துக்குள் அவள் என்ன ஆவாள் என்பது வீட்டில் முடிவாகியிருந்தது. சோளக்காடு என்ற ஊரில் மிளகு வாங்கி விற்கிற வேல்முருகன் வீட்டார் நோம்பி முடிந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். "இந்த வேலை கெடச்சுதுன்னா அப்பறம் பாத்துக்கலாம் கண்ணு. கெடைக்கலைன்னா நாஞ் சொல்றதக் கேளு" என்று சின்னுசாமி சொல்லியிருந்தார். நல்ல மனுஷன், மிரட்டிப் பேசத் தெரியாது. மிரட்டாமல் பேசுகிறவர்களிடமிருந்துதான் தப்பிக்கவே முடியாது.

கொட்டுச் சத்தம் கேட்டதுமே அவள் ஊர்க்கவுண்டர் ஆறுமுகசாமியிடம் ஓடினாள். வேட்டியில் மஞ்சள் கறையோடு அவர் கோயில் முன்னால் நின்றிருந்தார்.

"பெரியப்பா, நான் நாளைக்குச் சேலம் போயே ஆகணும்ங்க. ஒரு பரீட்சை மாதிரி."

"நான் தடுக்க யாரு சாமி? போறதுன்னா போ. இங்க யாரு உன் கையப் புடிச்சு இழுக்கப் போறா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஜீவானந்தமும் இப்படித்தான் போனான்" என்றார்.

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லை. ஆறு வருஷத்துக்கு முன் காப்புக் கட்டின ஊரிலிருந்து லாரி வேலைக்குப் போய் ஜீவானந்தம் இரண்டு நாள் நாமக்கல்லில் தங்கிவிட்டான். அந்த வாரமே இரண்டு குழந்தைகளுக்கு அம்மை போட்டது. அம்மை யாருக்குத்தான் போடாது? ஆனாலும் அதற்கப்புறம் அவன் வீட்டில் யாரும் பெண் எடுக்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. அவன் அம்மா குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். செல்வி போய்விடலாம். குழாயடியில் நிற்கப் போவது அவள் அம்மா அம்சவேணி.

சரி, பகலில் சேந்தமங்கலம் இறங்கிப் போய் அங்கே ஏதாவது ஓர் அறையில் உட்கார்ந்து முடித்துவிட்டு வந்தால்? ஆறு மணிக்குக் கீழே இருப்பவள் ஐந்து மணிக்கு மேலே எப்படித் தண்ணீர் ஊற்றுவாள்? வீட்டிலேயே உட்காரலாம் என்றால் வாசலுக்கு நேர் எதிரே கொட்டடிக்கிறார்கள், சிக்னலோ ஜன்னல் கம்பியில் ஒரு கோடு வரும், கையை எடுத்தால் போய்விடும். தனி அறை வேண்டும், நெட் அறுந்துபோகக் கூடாது, பக்கத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று மெயிலில் கட்டளை போட்டிருந்தார்கள். அந்த மெயிலை எழுதினவனைக் கூட்டிவந்து நோம்பி வீட்டில் நாலு நாள் கட்டிப்போட வேண்டும்.

ஊரில் அந்த வசதியெல்லாம் உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான். சின்னுசாமியின் மிளகுக் காட்டுச் சரிவில் இருக்கிற சாளை. தகரக் கூரை போட்ட ஒற்றை அறை, மோட்டாருக்காக இழுத்த கரண்ட் உண்டு, சமவெளியைப் பார்த்த மாதிரி இருப்பதால் சிக்னல் நாலு கோடும் நிற்கும். ஆனால் காப்புக் காலத்தில் சாளையில் போய்த் தங்குவது மாதவிலக்கான பெண்கள் மட்டும்தான். கம்பத்துக்கு எதிரில் வரக்கூடாது என்பதால் மூன்று நாள் அங்கே இருந்து, நாலாம் நாள் குளித்துவிட்டு ஊருக்குள் வருவார்கள். தண்ணீர் ஊற்றாமல் இருக்க ஒரு பெண்ணுக்கு ஊர் ஒத்துக்கொள்கிற ஒரே காரணமும் அதுதான்.

திங்கட்கிழமை காலையில் செல்வி ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்றாள்.

"ம்மா, நான் தூரம்."

ராகி மாவு பிசைந்துகொண்டிருந்த அம்சவேணி தலையைத் தூக்கி மகளை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி கண்ணு. ரெண்டு போர்வையா எடுத்துக்க, காட்டுல குளுரும்" என்றாள். வாசலில் உட்கார்ந்திருந்த சின்னுசாமி காதில் எதுவுமே விழாதவர் போல எழுந்து போய்விட்டார். இந்த ஒரு சொல்லுக்கு எதிர்க்கேள்வி கேட்ட ஆம்பளை மலையில் இன்னும் பிறக்கவில்லை.

முதல் இரண்டு நாள், உண்மையைச் சொன்னால், சொர்க்கம். மூன்று வருஷமாக நாலு பேர் படுக்கிற ஹாஸ்டல் அறையில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தவளுக்கு ஒரு முழு அறை. பாத்திரம் கழுவச் சொல்வாரில்லை. அம்மா பத்தடி தள்ளிப் பாறைமேல் சோற்றை வைத்துவிட்டுக் குரல் கொடுத்துவிட்டுப் போவாள். சுண்ணாம்புக் கட்டியால் சுவரெல்லாம் மரம் மரமாக வரைந்தாள். கம்ப்யூட்டர்காரர்கள் மரத்தைத் தலைகீழாகத்தான் வரைவார்கள், வேர் மேலே, இலை கீழே. எந்தக் கிளையில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும், எத்தனை தரம் சுற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள்.

பெங்களூரில் ஏற்கெனவே பெரிய கம்பெனி ஒன்றில் இருக்கிற காலேஜ் தோழி பூங்குழலி, தினமும் போனில் ஒரு மணி நேரம் இன்டர்வியூ எடுப்பதுபோலவே கேள்வி கேட்டாள்.

"செல்வி, நீ வாயை மூடிட்டு யோசிக்கிற. அது கூடவே கூடாது. மனசுல என்ன ஓடுதோ அத்தனையும் சத்தமாச் சொல்லணும். தப்பா யோசிச்சாலும் பரவால்ல, சொல்லு. அவங்க விடையைப் பாக்கறதில்ல, நீ எப்படி யோசிக்கிறன்னு பாக்கறாங்க."

"தனியா உக்காந்து நானே எனக்குப் பேசிட்டு இருந்தா பைத்தியம்னுவாங்கடி."

"அங்க யாரு இருக்கா கேக்கறதுக்கு?"

இருந்தார்கள். பக்கத்துக் காட்டுக் கண்ணாயி ஆடு ஓட்டிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவாள். தூரமான பெண், ஆளில்லாத சாளையில், கதவைச் சாத்திக்கொண்டு, இங்கிலீஷில் கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லி, நடுவில் 'நோ, நோ' என்று தலையில் அடித்துக்கொள்வதைக் கண்ணாயி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஆட்டை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குப் போய் அம்சவேணியிடம், "உம் புள்ளைய எதுவோ புடிச்சிருக்குது. காப்புக் காலத்துல தனியா உடாத" என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை நான்கு சுற்றும் நடந்தது. முதல் ஆள் பஸ் ரூட்டை வைத்து ஒரு கேள்வி கேட்டார்: எந்த ஸ்டாப்பில் எந்த பஸ் மாறினால் குறைவான பஸ்ஸில் போய்ச் சேரலாம் என்று. இரண்டு பஸ்ஸுக்கு மேல் இல்லாத ஊர்க்காரிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் சிரிப்பே வந்துவிட்டது. சிரித்ததில் பயம் போயிற்று, சத்தமாக யோசித்தாள், முடித்தாள். மூன்றாவது ஆள் பேசும்போது மேலே கொட்டுச் சத்தம் கேட்டது. ஊர்ப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிற நேரம். "ஏதாவது கல்யாணமா?" என்று கேட்டார். 'யெஸ் சார்' என்றாள். ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவது சுலபமாகத்தான் வருகிறது.

ஆறு மணிக்கு எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். அரை மணி நேரத்தில் போன் வந்தது. எல்லாரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள், மேனேஜர் ஒரு சுற்று பேச வேண்டும், அவர் முடிவுதான் கடைசி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. சந்தோஷத்தில் குதித்துவிட்டு அப்புறம்தான் விரல் விட்டு எண்ணினாள். வியாழக்கிழமை காலையில் அவள் குளித்துவிட்டு ஊருக்குள் போயாக வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கையில் குடம்.

அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை. எந்தக் கதவைத் தானே சாத்திக்கொண்டாளோ அதுவே இப்போது திறக்கப் போகிறது என்று பயமாக இருந்தது. உள்ளேயும் இருக்க முடியாது, வெளியேயும் போக முடியாது, உண்மையைச் சொன்னால் ஊர் முழுக்கக் கேட்கும்.

வியாழக்கிழமை காலையில் அம்சவேணி மஞ்சளும் சீயக்காயும் மாற்றுத் துணியும் எடுத்துக்கொண்டு வந்தாள். பத்தடி தள்ளி நிற்கவில்லை. நேராக வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ம்மா, கிட்ட வராத. இன்னும் நிக்கல" என்றாள் செல்வி.

அம்சவேணி கொண்டுவந்ததைக் கீழே வைத்தாள். "போன வாரந்தானே சேலத்துல வயிறு வலின்னு போன் போட்ட? லீவு போட்டுப் படுத்திருக்கேன்னு சொன்ன?"

செல்வி கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தாள்.

"திங்கக்கெழமையே தெரியுங் கண்ணு."

"தெரிஞ்சா ஏம்மா அனுப்புன?"

"நீ கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். சாமி காரியத்துல வெளையாடாதன்னு சொல்லியிருப்பேன். நீ கேக்கல. அதான் உட்டுட்டேன்." அம்சவேணி வாசற்படியில் உட்கார்ந்தாள். சுவரில் இருந்த தலைகீழ் மரங்களைப் பார்த்தாள். "இன்னும் எத்தன நாள் வேணும்?"

"நாளைக்கு ஒரு நாளும்மா. நாளைக்குப் பேசறவரு சரின்னா சரி. அவ்வளவுதான்."

"சரி. அஞ்சு நாளுன்னு சொல்லிக்கறேன். சில பேருக்கு அஞ்சு ஆகும்." கொண்டுவந்த மஞ்சளைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மாரியாயிகிட்ட நாஞ் சொல்லிட்டேன். தீச்சட்டி எடுக்கறேன்னு வேண்டியிருக்கறேன். நீ அதப் பத்தி நெனைக்காத, படி."

அம்சவேணி இதுவரை தீச்சட்டி எடுத்ததில்லை. நெருப்பென்றால் பயம் அவளுக்கு. சின்ன வயதில் அடுப்பில் சேலை பிடித்துக்கொண்டதிலிருந்து விறகுகூட நீளமாகத்தான் வைப்பாள். செல்விக்கு அது தெரியும். எழுந்து போய் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அழவில்லை. நேரமில்லை என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதுவும் உண்மைதான்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு மேனேஜர் திரையில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசினார், கேள்விகள் கம்ப்யூட்டர் கணக்குகள் இல்லை. வேலையில் யாரோடாவது சண்டை வந்ததா, தப்புச் செய்துவிட்டு ஒத்துக்கொண்டதுண்டா, அடுத்தவர் உதவியால் ஒரு காரியம் நடந்ததென்றால் அதைச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் செல்வி பதினாலு கதை தயார் பண்ணி வைத்திருந்தாள், எல்லாம் அரிசி மில் கதைகள். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார்.

ஐந்தரை ஆகியிருக்கும், மேலே கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றி முடித்திருப்பார்கள். வெளியே பேச்சுச் சத்தம். கண்ணாயி வந்துவிட்டாள், விபூதித் தட்டும் வேப்பிலையுமாக. காப்புக் காலத்தில் பேய் பிடித்த பெண்ணை இப்படியே விடலாமா என்று அவளுக்கு நல்ல மனசு. தண்ணீர் ஊற்றின கையோடு ஓடிவந்து வாசலில் காவல் உட்கார்ந்திருந்த அம்சவேணி எழுந்து வழியை மறித்தாள்.

"அக்கா, உள்ள போகாதீங்க. தீட்டு."

"அதெல்லாம் பாத்தா ஆகுமா? புள்ள பேசற பேச்சக் கேளு, இப்பவும் இங்கிலீசு. தள்ளு."

"தள்ள மாட்டேங்க. எம் புள்ளைக்கு ஒண்ணுமில்லைங்க. படிக்குது, அவ்வளவுதான். கெளம்புங்க."

கதவில் கை மோதுகிற சத்தம் கேட்டது. திரையில் மேனேஜர் எழுதுவதை நிறுத்தினார்.

"தாமரைச்செல்வி, உங்கள் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்று இங்கிலீஷில் கேட்டார். "ஒரு பெண் குரல் கேட்கிறது. யாரும் இருக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா?"

அவர் குரலில் இதுவரை இருந்த மென்மை போய்விட்டது. பதில் சொல்லிக் கொடுக்க ஆள் வைத்திருக்கிறாளோ என்று சந்தேகம். அப்படிச் செய்து பிடிபட்டவர்கள் கதையைப் பூங்குழலி நிறையச் சொல்லியிருந்தாள். என் அம்மா என்று சொல்லலாம். அம்மா ஏன் வாசலில் நின்று சண்டை போடுகிறாள் என்று கேட்பார். பூவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எட்டு மாசம், ஒரு வருஷம், வேல்முருகன் வீட்டார், எல்லாம் அந்த ஒரு நொடியில் கண்முன்னால் வந்து நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்று, பலகை இடுக்கில் அம்மாவின் சேலை நிறம் தெரிந்தது.

"நோ சார். யாரும் இல்லை. வழியில் போகிற யாரோ ஊர்க்காரர்கள். எனக்கு அவர்களைத் தெரியாது."

மேனேஜர் இரண்டு விநாடி அவளையே பார்த்தார். பிறகு, "ஓகே" என்று அடுத்த கேள்விக்குப் போனார். அதற்குச் செல்வி என்ன பதில் சொன்னாள் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்கு ஞாபகம் இல்லை.

லேப்டாப்பை மூடிவிட்டுக் கதவைத் திறந்தபோது கண்ணாயி போயிருந்தாள். அம்சவேணியின் நெற்றியில் விபூதி அப்பியிருந்தது. மகளுக்கு வைக்க வந்ததைத் தானே வாங்கிப் பூசிக்கொண்டு அனுப்பியிருக்கிறாள். முகம் பளிச்சென்று இருந்தது.

"ஏங் கண்ணு, சத்தம் போடறப்ப அந்தச் சாரு என்னமோ கேட்டாருல்ல? என்னையப் பத்தித்தானே?"

"ஆமாம்மா."

"என்ன கேட்டாரு?"

"வெளிய யாருன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

செல்வி கதவின் தாழ்ப்பாளை ஏற்றி இறக்கினாள். "எங்கம்மான்னு சொன்னேன்."

அம்சவேணி சேலைத் தலைப்பை இழுத்து முகத்தைத் துடைத்தாள், விபூதி போக அல்ல, சிரிப்பை மறைக்க. "அடப் பாவமே, நல்ல சேலையா கட்டியிருக்கலாம். ஒரு எட்டு எட்டிப் பாத்து வணக்கம் சொல்லியிருப்பேன்ல? எவ்வளவு பெரிய ஆபீசரு, நம்மளப் போயி யாருன்னு விசாரிச்சிருக்காரு." திரும்பி மேட்டில் ஏறிப் போகும்போதும் அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை குளித்துவிட்டுச் செல்வி ஊருக்குள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நோம்பி. அம்சவேணி மஞ்சள் சேலையில் தீச்சட்டி எடுத்துக் கோயிலை மூன்று சுற்று வந்தாள். சட்டி சாயவில்லை. வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். கடைசிச் சுற்றில் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், எல்லாம் சரியாகிவிட்டது என்பது மாதிரி. செல்வி கூட்டத்தில் கைகூப்பிக்கொண்டு நின்றாள். சாமியைக் கும்பிட அவளுக்கு வாய் வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது, பெங்களூரில். சின்னுசாமி நாலு தரம் படித்துக் காட்டச் சொன்னார், பிறகு வேல்முருகன் வீட்டுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எட்டு மாசமாக நெஞ்சில் வைத்திருந்த பாறையை யாரோ எடுத்துவிட்டார்கள். மூச்சு விட்டுப் பார்த்தாள் செல்வி. சரியாக வரவில்லை.

ஏனென்றால் மெயில் வந்த நாளிலிருந்து ஊர் முழுக்க ஒரு கதை நடந்துகொண்டிருந்தது. அம்சவேணி குழாயடியில் சொன்னாள், ரேஷன் கடையில் சொன்னாள், ஊர்க்கவுண்டர் ஆறுமுகசாமியிடமே சொன்னாள்: "அந்த ஆபீசரு கேள்வியெல்லாம் நிறுத்திப்புட்டு, வெளிய இருக்கறது யாரும்மான்னு கேட்டிருக்காரு. எங்கம்மா சார்னு எம் புள்ள சொல்லிச்சாம். அதுக்கப்பறந்தான் வேலை போட்டுக் குடுத்திருக்காரு." கண்ணாயிகூட, தான் அன்றைக்குப் போய்ச் சத்தம் போட்டதால்தான் விசாரிப்பே வந்தது என்று அதில் தனக்கும் ஒரு பங்கு கேட்டாள். சேலம் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த செல்வி ஒவ்வொரு தரமும் பக்கத்திலேயே நின்றாள். இல்லை என்று சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று சோளக்காட்டில் பஸ் நின்றது. சின்னுசாமி பெட்டியை மேலே ஏற்றினார். பலாப்பழம் விற்கிறவர்கள், கூட வந்த சொந்தம், கண்டக்டர், எல்லாருக்கும் நடுவில் அம்சவேணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொப்புளம் உடைந்து காய்ந்த கை.

"போனதும் அந்தச் சாரப் பாப்பியா கண்ணு?"

"பாப்பேம்மா."

"பாத்தா, அன்னைக்கு வெளிய நின்னேனே, அந்த அம்மா கேட்டாங்கன்னு சொல்லு. அவருக்கு ஞாபகம் இருக்கும்."

பஸ் நகர்ந்தது. "சொல்றேம்மா" என்றாள் செல்வி.